மண்ணை அறுப்பது மணல்: ஆடிக்காற்றும் புன்செய் நிலமும்

1930களில் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் லண்டனில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து மணலின் ஓட்டத்தை ஆராய்ந்தார். அதன் தரையில் போர்ட்லாண்ட் சிமென்ட் தூளைச் சமமாகப் பரப்பிக் காற்றை முடுக்கியபோது, 4.6 மி.மீ. பருமனுள்ள சிறு கற்களையே நகர்த்தும் அளவுக்குக் காற்று வலுத்தும் சிமென்ட் படலம் அசையவில்லை. ஊதினாலே பறக்கும் என்று நாம் நினைக்கும் தூள் அப்படியே கிடந்தது.

காரணம் இரண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் எடையைவிட அது பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசை மேலோங்கும். அதோடு, தரையை ஒட்டி ஓடும் காற்றுப் படலம் மிக மெதுவானது. நுண்துகள் முழுவதும் அந்தப் படலத்துக்குள் அடங்கிவிடுகிறது. காற்று நேரடியாக எளிதில் கிளப்பக்கூடியது சுமார் 0.1 மி.மீ. பருமனுள்ள நைசு மணலைத்தான். அதைவிடப் பெரியது எடையால் அடங்கும். சிறியது ஒட்டுதலால் அடங்கும்.

அப்படியானால் வயலில் புழுதி எப்படிக் கிளம்புகிறது? துள்ளி வரும் மணல் அதன்மேல் மோதிக் கிளப்புகிறது. காற்றைத் தடுக்க வேலியும் மரமும் வைத்தும் மண் பறப்பது நிற்காத நிலங்களில் பெரும்பாலும் இதுதான் கவனிக்கப்படாமல் போயிருக்கும். காற்றை யாராலும் நிறுத்த முடியாது. மணலைப் பிடிக்க முடியும், அதுவும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே.

மணல் எப்படி ஓடுகிறது

0.1 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள மணல் துள்ளித் துள்ளிப் போகும். தரையிலிருந்து கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழும்பும். மேலே காற்று பிடித்துத் தள்ள, வேகம் கூடி, தரையோடு 10 முதல் 16 டிகிரி சாய்வில் வந்து மோதும். எழும்பும் உயரத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் முன்னே போய் விழும். மணல் ஓட்டத்தில் மிகப்பெரும் பங்கு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு மோதலும் வேறு சில துகள்களைத் தெறிக்க வைக்கும். 0.5 மி.மீ.க்கு மேற்பட்ட பருமணல் எழும்ப முடியாமல், பின்னாலிருந்து வாங்கும் அடியால் உருண்டு நகரும். 0.1 மி.மீ.க்குக் கீழுள்ள வண்டலும் களியும்தான் புழுதியாகக் கிளம்பி, பல கிலோமீட்டர் தாண்டிப் போகும். எடைக்கணக்கில் பார்த்தால் பறக்கும் மண்ணில் பாதிக்கு மேல் துள்ளும் மணல்தான். நிலத்தின் சத்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு: மக்கும் ஊட்டமும் நுண்துகளோடு ஒட்டியிருப்பதால், எடையில் குறைவான அந்தப் புழுதியோடுதான் வளம் போகிறது. மணல் வேலியோரம் குவிந்து நம் கண்முன்னே கிடக்கும். களி திரும்பி வராது.

இன்னும் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, மணலைக் கிளப்பத் தேவையான காற்றைவிட, கிளம்பிய மணலை ஓடவைக்கத் தேவையான காற்று குறைவு. சுமார் 80 சதவீதம் இருந்தால் போதும். காற்று சற்றுத் தணிந்த பிறகும் மண் ஓடிக்கொண்டே இருப்பது இதனால்தான். மற்றொன்று, ஓடும் மணலின் அளவு, தரையில் காற்று கொடுக்கும் இழுவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். வேகம் இரட்டித்தால் மணல் எட்டு மடங்கு. சீசன் முழுவதும் வீசும் காற்றைவிட, நாலைந்து கடும் பிற்பகல்கள் செய்யும் சேதம் பெரிதாக இருப்பது இதனால்.

ஒரு துகள் சிலவற்றைக் கிளப்ப, அவை மேலும் சிலவற்றைக் கிளப்ப, காற்று வரும் ஓரத்தில் சிறிதாகத் தொடங்கிய ஓட்டம் எதிர் ஓரத்துக்குப் போகப் போகப் பெருகும். எனவே சேதம் தெரியும் இடமும் அது தொடங்கிய இடமும் ஒன்றல்ல. கிழக்கு வரப்போரம் பயிர் கருகியிருந்தால் மேற்கே போய்ப் பாருங்கள்: ஒரு வண்டித்தடம், பழைய களத்துமேடு, ஆடு மாடு மிதித்த பாதை, ஆழ்துளைக் கிணறு போட்டபோது கொட்டிய மணல் குவியல் என ஏதாவது ஒன்று அங்கே இருக்கும்.

பாறையையும் இதே மணல்தான்

பாறையில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். மோதும் ஆற்றல் துகளின் எடையோடும் வேகத்தின் இருமடியோடும் ஏறும். விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. தரைக்கு அருகே துகள்கள் ஏராளம், ஆனால் வேகம் குறைவு. மேலே போனால் வேகம் உண்டு, துகள்கள் குறைவு. இரண்டும் சேர்ந்து உச்சம் காணும் உயரம் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் ராபர்ட் ஷார்ப் கம்பிகளும் கற்களும் நட்டுப் பல ஆண்டுகள் அளந்ததில், அங்கே மிக அதிகத் தேய்வு தரையிலிருந்து 23 செ.மீ. உயரத்தில் இருந்தது. பாலைவனத்துக் கம்பங்கள் அடியோடு தேயாமல் சற்று மேலே இடுப்பு சிறுத்து நிற்பது இந்தக் கணக்கின்படிதான். தரை கற்பாங்காக இருந்தால் மணல் இன்னும் உயரம் துள்ளும். மணல் தரை அடியை உள்வாங்கிக்கொள்ளும், கல் தரை திருப்பி எறியும்.

ஆற்றிலும் கதை இதுதான். ஒகேனக்கல் பாறைகளில் உள்ள குழிகளை நீர் குடைந்தது என்று சொல்கிறோம். தெளிந்த நீர் கெட்டிப் பாறையைத் தேய்ப்பது மிகச் சொற்பம். நீர் சுழற்றிக் கொண்டுவரும் மணலும் சரளையும்தான் குடைகின்றன. லியோனார்ட் ஸ்க்லார், வில்லியம் டீட்ரிக் இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், உருளைத் தொட்டியின் அடியில் பாறைத் தட்டுகளை வைத்து, நீரையும் சரளையையும் சுழலவிட்டார்கள். சரளை இல்லாதபோது தேய்வே இல்லை. கொஞ்சம் போட்டதும் தேய்வு ஏறியது. ஓர் அளவுக்கு மேல் போட்டதும் குறையத் தொடங்கி, சரளை பாறையை முழுக்க மூடியபோது நின்றே போனது. உளியாக இருந்ததே போர்வையாகிவிட்டது. மிக நைசான மணலும் அதிகம் அறுக்கவில்லை, ஏனென்றால் அது அடியில் மோதாமல் நீரில் மிதந்தே போய்விடுகிறது. பாறைகளுக்குள் வித்தியாசம் இழுவலிமையால், அதாவது இழுத்தால் உடையாமல் தாங்கும் திறனால் வந்தது: வலிமை இரண்டு மடங்கானால் தேய்வு கால் பங்கு.

வயலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மழை பெய்து காய்ந்த செம்மண்ணின் மேல் ஓர் ஓடு கட்டும். காற்று மட்டும் வீசினால் அந்த ஓடு நன்றாகவே தாங்கும். அதன்மேல் உதிரி மணல் கிடந்தாலோ, பக்கத்து நிலத்திலிருந்து மணல் வந்தாலோ, அதே காற்று அந்த மண்ணோட்டை அறுத்து, அடியிலுள்ள மண்ணைத் திறந்துவிடும். நம் நிலம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மேற்குப்பக்கத்து நிலத்தின் மணல் நமக்கும் பகைதான்.

நம் பக்கத்துச் சிக்கல்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிவரும் இடங்கள் பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை இந்த வாய்கள் வழியே வீசுகிறது. காற்றாலைகள் எங்கே நெருக்கமாக நிற்கின்றனவோ அங்கெல்லாம் மண்ணும் பறக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி இந்தக் காற்று ஆக்கிய சிவப்பு மணல் மேடுதான். குவார்ட்ஸ் மணல்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு ஏறியதால் அந்த நிறம். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில் குவார்ட்ஸுக்கு 7. சுண்ணாம்புக்கல்லின் தாதுவான கால்சைட்டுக்கு 3 தான்.

இங்கே மானாவாரி விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். அறுவடை தை, மாசியில். தட்டையை மாட்டுக்கு அறுத்து, மிச்சத்தை ஆடு மேய்ந்து, சித்திரையில் கோடை உழவும் ஆனபிறகு, காற்று வரும்போது நிலம் மொட்டையாகப் பொடியாகக் கிடக்கிறது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது கரிசலுக்கும் கெட்டிச் செம்மண்ணுக்கும் முழு உண்மை, ஏனென்றால் அங்கே உழவு கட்டியைப் புரட்டிப் போடும். கணவாய்க் காற்று படும் மணற்பாங்கான நிலத்தில் அதே உழவு காற்றுக்குத் தீனி. அங்கே கோடை உழவை ஆவணிக் கடைசிக்குத் தள்ளுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆட்டுக்கிடையும் அப்படியே. கிடையின் எரு அருமையானது, ஆனால் வைகாசியில் கிடை போட்டால் ஆயிரக்கணக்கான குளம்புகள் மண்ணோட்டை உடைத்துவிடும். காற்று ஓய்ந்தபின் போட்டால் எருவும் பறக்காமல் விதைப்புக்கு நிற்கும்.

இழப்பைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஏக்கருக்கு 1 மி.மீ. மண் போனால் 4 கன மீட்டர், அதாவது சுமார் 6 டன். ஒரு மில்லிமீட்டர் இறங்கியதை எந்தக் கண்ணும் காணாது. 6 மி.மீ. கம்பியை 60 செ.மீ. நீளத்தில் வெட்டி, பாதியை அடித்து இறக்கி, மேலே தெரியும் நீளத்தை வைகாசியிலும் ஆவணியிலும் அளந்து குறியுங்கள். தடித்த கம்பி வேண்டாம். அதைச் சுற்றிக் காற்றே குழி பறித்து அளவைப் பொய்யாக்கும்.

மண்ணைச் சலித்துப் பாருங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் கான்சஸிலும் காற்றரிப்பை ஆராய்ந்த செப்பில் என்ற விஞ்ஞானி, 0.84 மி.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளைக் காற்று எடுப்பதில்லை என்று கண்டார். இன்றும் அந்த எல்லைதான் அளவுகோல். நம் ஊரில் கட்டுமானச் சோதனைக் கருவி விற்கும் கடைகளில் 850 மைக்ரான் சல்லடை கிடைக்கும்.

வைகாசியில், நிலம் காய்ந்திருக்கும்போது, தட்டையான மண்வெட்டியால் மேல் 2.5 செ.மீ. மண்ணை மட்டும் ஐந்து இடங்களில் நசுக்காமல் எடுங்கள். நிழலில் உலர்த்தி, ஒரு கிலோ எடுத்து, மெதுவாகச் சலியுங்கள். குலுக்கினால் கட்டி உடைந்து அளவு தவறும். சல்லடையில் நின்றதை எடைபோடுங்கள். பிறகு நின்றதையே இன்னொரு முறை சலியுங்கள். இரண்டாம் முறையும் நிறைய இறங்கினால், கட்டிகள் இருப்பது உண்மை, ஆனால் மணல் அடித்தால் அவை தாங்காது.

அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, மூடாக்கு, அதாவது தரையை மூடும் தட்டையோ சருகோ இல்லாத சமமான அகன்ற வயலில், கான்சஸ் மாநிலத்துக் கார்டன் சிட்டியின் காற்றில், கட்டிகள் 10 சதவீதம் இருந்தால் ஆண்டுக்கு ஏக்கருக்கு 134 டன் மண் போகக்கூடும். 40 சதவீதமானால் 56 டன். 60 சதவீதமானால் 21. அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த வேண்டாம், இறக்கத்தை மட்டும் பாருங்கள். கட்டியைக் காப்பாற்றுவதே பாதி வேலை.

கட்டியைக் கெடுப்பதில் முதலிடம் ரோட்டவேட்டருக்கு. காய்ந்த மணற்பாங்கு நிலத்தில் ஒருமுறை ஓட்டினாலே மேல்மண் முழுக்கப் பொடியாகிவிடும். உழத்தான் வேண்டுமென்றால், மழைக்குப் பின் பதம் இருக்கும்போது ஐந்து கொத்துக் கலப்பையால், ஒரு சால் மட்டும், காற்றுக்குக் குறுக்காக. களி மிகக் குறைந்த தேரி மண்ணில் எப்படி உழுதாலும் கட்டி நிற்காது. அங்கே மூடாக்கைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

மூடாக்கு எவ்வளவு

1985இல் ஃப்ரைரியர் வெளியிட்ட டெக்சஸ் ஆய்வின்படி, தரையில் 20 சதவீதம் மூடியிருந்தால் மண் இழப்பு 57 சதவீதம் குறைந்தது. 50 சதவீதம் மூடியிருந்தால் 95 சதவீதம் குறைந்தது. முழு நிலத்தையும் மூடத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. கீழே கிடக்கும் தட்டையைவிட நின்றிருக்கும் தட்டை எடைக்கு எடை மேலானது, ஏனென்றால் அது தரைக்காற்றின் வேகத்தையும் குறைக்கிறது, துள்ளும் மணலையும் இடைமறிக்கிறது. சோளம், கம்பு அறுக்கும்போது அடியோடு வெட்டாமல் ஒரு சாண் முதல் ஓரடி வரை விட்டு அறுங்கள். கடலை நிலம்தான் மிக மோசம்: செடியை வேரோடு பிடுங்குவதால் தரையும் கிளறிப்போகிறது, மூடாக்கும் மிஞ்சுவதில்லை. கடலைக்குள் ஏழெட்டு வரிசைக்கு ஒரு வரிசை துவரை இருந்தால் அதன் மிளார் நிற்கும்.

எத்தனை சதவீதம் என்று அளக்க 50 அடிக் கயிறு போதும். அரை அடிக்கு ஒன்றாக 100 முடிச்சு போட்டு, வயலில் மூலைவாட்டாக இழுத்துக் கட்டி, எத்தனை முடிச்சுக்கு நேர்கீழே தட்டையோ சருகோ கிடக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணே சதவீதம். நடந்து பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

பாரும் வேலியும்

காற்றுக்குக் குறுக்காகப் பார், அதாவது நீள மண்மேடு பிடித்தால், துள்ளிவரும் மணல் பாருக்கும் பாருக்கும் நடுவிலுள்ள சாலுக்குள் விழுந்து அடங்கும். 5 முதல் 10 செ.மீ. உயரமே சிறந்தது. பாருக்குப் பார் இடைவெளி உயரத்தின் நான்கு மடங்கு. அதைவிட உயர்த்தினால் உச்சியில் காற்று வேகமெடுத்து, பாரின் தலையையே சீவிவிடும். காற்றோடு ஒரே திசையில் பார் இருந்தால் சால் வாய்க்காலாகி மணலை ஓட்டிக்கொண்டு போகும். சால் நிரம்பியபின் பாருக்கு வேலை இல்லை. மறுபடி பிடிக்க வேண்டும்.

காற்றுத்தடுப்பு மரவரிசை தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்புத் தரும். 8 மீட்டர்ச் சவுக்கு 80 மீட்டருக்கு. அடர்த்தி முக்கியம்: ஏறத்தாழ 40 சதவீதம் இடைவெளி இருக்க வேண்டும். மதில்சுவர்போல அடைத்தால் காற்று மேலேறித் தாண்டி, உடனே பின்னால் சுழன்று இறங்கும். வரிசையில் ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடைவெளியில் காற்று முன்னைவிட வேகமாகப் பாயும். வழிக்காக இடம் விட வேண்டுமென்றால் நேராக விடாமல் சாய்வாக விடுங்கள்.

பனை வரிசையை மட்டும் நம்பியிருப்போரின் ஏமாற்றம் இங்கேதான் வருகிறது. பனை உயரே தடுக்கிறது. மணல் ஓடும் அடி 30 செ.மீ. திறந்தே கிடக்கிறது. மரங்களின் அடியில் காற்று நெருக்குண்டு வேகமும் எடுக்கும். பனைக்கு மேற்கே ஒரு வரிசை கற்றாழையோ விராலியோ வேண்டும். கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கொறங்காடு இதை முழுமையாகச் செய்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மேய்ச்சலுக்காக உருவான அமைப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மண்ணைப் பிடித்து வைக்க இதைவிடத் தேர்ந்த ஏற்பாட்டை நான் அறியேன்.

செடி பிடிக்காத அளவுக்கு மணல் ஓடும் இடத்துக்குக் கட்டம் கட்டும் முறை உண்டு. சீனாவின் டெங்கர் பாலைவனத்தில், ஷாபோடோ என்ற இடத்தில், பாவ்டோ–லான்ஜோ ரயில்பாதையை மூடவந்த மணலை 1950கள் முதல் வைக்கோல் கட்டங்களால் நிறுத்தினார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், தரைக்கு மேல் ஏறத்தாழ ஒரு சாண் வைக்கோல். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மணல் ஆழமற்ற குழிவாக அமைந்து, அதற்கு மேல் ஓடுவதில்லை. ஜோத்பூரின் மத்திய வறண்டநில ஆய்வு நிறுவனம் இதையே உள்ளூர் முட்செடிகளைக் கொண்டு 2 முதல் 5 மீட்டர் இடைவெளியில் செய்கிறது. நமக்குப் பனைமட்டை இருக்கிறது: 40 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பாதியைப் புதைக்கலாம். செலவுக்குக் கணக்குப் பாருங்கள். ஒரு மீட்டர்க் கட்டமென்றால் ஏக்கருக்கு 8,000 மீட்டர் வரிசை தேவை. 2 மீட்டர்க் கட்டமென்றால் 4,000. ஆகவே முழு நிலத்துக்கும் வேண்டாம், மணல் புறப்படும் மேற்கு ஓரத்துக்கு மட்டும்.

காற்று தொடங்கிய பிறகு

ஏற்பாடு எதுவும் செய்யாமல் மண் பறக்கத் தொடங்கிவிட்டால், ஐந்து கொத்துக் கலப்பையை 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில், காற்றுக்குக் குறுக்காக, பட்டை பட்டையாக ஓட்டி அடிக்கட்டியை மேலே கொண்டுவாருங்கள். காற்று வரும் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். புழுதி அதிகம் தெரிகிறது என்று கிழக்கிலிருந்து தொடங்கினால் வரும் மணல் அந்த உழவையும் மூடிவிடும். மணல் மட்டுமே உள்ள தரையில் இது பயன்படாது. அங்கே ஓலை, மிளார், தென்னை மட்டை, எது கிடைக்கிறதோ அதைப் போட்டு மேலே கனம் வையுங்கள்.

தண்ணீர் தெளிப்பது சில மணி நேரத்துக்குத்தான். மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காய்ந்ததுமே மணல் மறுபடி கிளம்பும். அதோடு, தெளிப்புத் துளிகள் கட்டியைக் கரைத்துத் தரையைச் சமமாக்கிவிடும். நாற்றைக் காக்க ஓரிரு நாள் செய்யலாம், சீசன் முழுக்கச் செய்வதற்கல்ல.

சொட்டுநீரில் நிற்கும் தக்காளி, மிளகாய், பருத்தி, முருங்கைக் கன்றுகளில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. தண்டின் அடியில் பழுப்புக் கீறல், இலை ஓரம் கருகல், பிறகு வாட்டம். நோய் என்று பூசணக்கொல்லி அடிப்பார்கள். எல்லாக் கன்றிலும் காயம் மேற்குப் பக்கத்தில் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் அது மணலடி. மருந்து வேண்டாம். கன்றுக்கு மேற்கே ஓரடி உயர ஓலைத் துண்டு செருகினால் புதிய துளிர் நன்றாக வரும். மணலடி பட்ட காயம் வழியே பிறகு நோய் நுழையலாம் என்பதால், மிக அடிபட்டதை எடுத்துவிட்டு மாற்றி நடுவது நல்லது.

ஆவணி முடிவில் வேலியோரமும் கட்டங்களிலும் மணல் குவிந்திருக்கும். நம் மண்தானே என்று அதை வாரி வயலில் இறைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். களியும் வண்டலும் போய், காற்றே சலித்து வைத்த 0.1 முதல் 0.5 மி.மீ. மணல் அது, அடுத்த ஆடியில் முதலில் துள்ளப்போவதும் அதுதான். குவிந்த இடத்திலேயே விட்டு, புரட்டாசி முதல் மழையில் கொழுக்கட்டைப் புல்லின் வேர்க்கரணையை அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டு, முதல் ஆண்டு முழுவதும் மேய்ச்சல் விடாமல் அடைத்து வையுங்கள்.